இரண்டு ஒப்புதல் விதியும் தேங்கிக் கிடக்கும் 22 திருத்தங்களும்

கடிதத்தின் சுருக்கம்

சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கும் வாசகிக்கு வயது 34. வங்கி ஒன்றின் தொழில்நுட்பப் பிரிவில் பணிபுரிகிறார். ஆறு ஆண்டுகளாக ஒரு தமிழ்ச் சொற்பிழை திருத்தியை நண்பர்களோடு சேர்ந்து கட்டற்ற மென்பொருளாக நடத்திவருகிறார். நிரலும் சொற்பட்டியலும், யாரும் எடுத்து மாற்ற இடம்தரும் எம்ஐடி உரிமத்தில், நிரல்களைக் கூடி எழுதும் தளமான கிட்ஹப்பில் இருக்கின்றன. சென்னை, யாழ்ப்பாணம், கோலாலம்பூர் எனப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் திருத்தம் அனுப்புகிறார்கள். ஆனால் அவற்றைச் சேர்க்கும் உரிமை பராமரிப்பாளர்கள் மூவருக்குத்தான்: வாசகி, திட்டத்தைத் தொடங்கிய மூத்த பொறியாளர் (வாசகி இவரை ‘அண்ணா’ என்கிறார்), ஓர் இளைஞர். இளைஞர் ஜனவரியில் தேசிய சேவைக்குச் சென்றுவிட்டார்.

சென்ற ஆண்டின் இறுதியில் வெளிவந்த பதிப்பில், கொ, கோ வரிசையில் சரியான சொற்கள் பலவற்றையும் அந்த மென்பொருள் ‘பிழை’ என்று காட்டியது. துணைப்பாட ஆசிரியர்கள் சிலர் புகார் எழுதினார்கள். அந்தத் திருத்தத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவர் வாசகிதான். அதன்பின், எந்தத் திருத்தமானாலும் இருவர் ஒப்புதல் வேண்டும் என்று அண்ணா விதி வைத்தார். இப்போது 22 திருத்தங்கள் தேங்கிவிட்டன, அவற்றில் 9 பராமரிப்பாளர்களுடையவை. அவசரம் என்றால் அண்ணா நிர்வாகி உரிமையைக் கொண்டு விதியைத் தாண்டி மெர்ஜ் செய்கிறார், அதாவது திருத்தத்தை மூல நிரலோடு சேர்த்துவிடுகிறார். அதைச் சுட்டிக்காட்டியபோது, “என்மேல் நம்பிக்கை இல்லையாம்மா?” என்று வருந்தியிருக்கிறார். பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் தன் முதல் திருத்தத்துக்கு வந்த 31 கருத்துகளைப் பார்த்துவிட்டு, பதிலே எழுதாமல் போய்விட்டார்.

கேள்விகள் நான்கு. அண்ணா சொல்வதுபோல், திருத்தங்களைச் சரிபார்க்க உதவும் கெரிட் என்ற மென்பொருளுக்கு மாறினால் பிழைகள் நிற்குமா? இரண்டு ஒப்புதல் விதி தேவையா? செயற்கை நுண்ணறிவு ரிவியூ (திருத்தங்களைப் படித்துச் சரிபார்க்கும்) கருவியைச் சேர்க்கலாமா? ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலிருந்துதான் இந்த வேலையைச் செய்கிறேன், ஆகவே என் நிறுவனத்துக்கு இதில் உரிமை இல்லைதானே?

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

அந்தப் பதிப்பில் நேர்ந்த பிழையை உங்கள் கவனக்குறைவாக எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அது அப்படியல்ல. பிழை எப்படி நுழைந்தது என்று தெரிந்தால்தான் எந்தக் கருவி அதைத் தடுக்கும் என்று சொல்ல முடியும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தையடுத்து ‘ொ’ என்ற ஒரே குறி வருவது ஒன்று. ககரத்தையடுத்து ஒற்றைக்கொம்பும் அதன்பின் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாக வருவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நிரலுக்கு அவை வேறு வேறு சொற்கள், ஆகவே ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. அந்தத் திருத்தத்தை அனுப்பியவரின் எடிட்டரோ விசைப்பலகையோ சொற்பட்டியல் முழுவதையும் பிரிந்த வடிவத்தில் சேமித்திருக்கிறது. நீங்கள் பார்த்த பக்கத்தில், நீக்கியதைக் காட்டும் சிவப்பு வரியில் ‘கொடி’, சேர்த்ததைக் காட்டும் பச்சை வரியிலும் ‘கொடி’. வரி முடிவிலோ இடைவெளியிலோ ஏதோ மாறியிருக்கிறது என்று நினைத்து ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இரண்டாவதாக ஒருவர் பார்த்திருந்தாலும் அவர் கண்ணுக்கும் அதே இரண்டு ‘கொடி’தான். கெரிட்டின் பக்கத்திலும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு நடந்த காலத்திலிருந்து, அதாவது நம் நா. கோவிந்தசாமி போன்றோர் தமிழைக் கணினியில் ஏற்றப் பாடுபட்ட நாளிலிருந்து, குறியீட்டுச் சிக்கல் ஏதாவது ஒரு வடிவில் நம்மைத் தொடர்ந்துகொண்டே இருக்கிறது. இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. இயந்திரத்துக்கு ஒரு நொடி வேலை. ஒவ்வொரு திருத்தத்தின்போதும் ஓடும் தானியங்கிச் சோதனையில், சொற்பட்டியலின் ஒவ்வொரு வரியையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கி எழுதும் சீர்வடிவம்) மாற்றி, மூல வரியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மாறுபட்டால் சோதனை தோற்கட்டும், வரி எண்ணையும் காட்டட்டும். பைத்தான் நிரல்மொழியில் இதற்கு நான்கைந்து வரி போதும். இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள்: ‘கௌ’ என்று எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தட்டச்சு செய்பவர்கள் உண்டு. அதை என்எஃப்சி சரிசெய்யாது. யூனிகோடின் பார்வையில் அது முறையான இரண்டு எழுத்துகள். கெ, செ போன்றவற்றை அடுத்து ளகரம் வரும் சொற்களைத் தனியாகப் பட்டியலிட்டு, ஒரு மனிதர் பார்க்கும்படி வையுங்கள். ‘வெள்ளம்’ போன்ற சரியான சொற்களும் அதில் வரும் என்பதால் இதைத் தோல்வியாக்காமல் எச்சரிக்கையாக வைப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும், ஸ்ரீ என்ற எழுத்தின் இரண்டு உள்வடிவங்களையும் இதே சோதனையில் பார்த்துவிடலாம்.

தேக்கம் எங்கிருந்து வந்தது

உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களை வைத்தே கணக்குப் போடுவோம். பராமரிப்பாளர் ஒவ்வொருவரும் வாரத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்குவதாகவும், வாரத்துக்குச் சராசரியாக 900 வரி புதிதாக வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கவனமாகப் படிப்பவர் மணிக்கு 300 வரி பார்க்கலாம். ஒரே அமர்வில் 200 முதல் 400 வரிக்கு மேல் போனால் பிழை கண்டுபிடிக்கும் திறன் சரிகிறது என்பது சிஸ்கோ நிறுவனத்தில் நடந்த பழைய ஆய்வு ஒன்றிலிருந்து இந்தத் துறையில் நிலைத்துவிட்ட அளவு.

மூவர் இருந்தபோது வாரத்துக்கு 6 மணி நேரம், அதாவது 1,800 வரி. ஒவ்வொன்றையும் இருவர் பார்க்க வேண்டும் என்றால் அது 900. வரவும் 900. இழுத்துப் பிடித்து ஓடியிருக்கும். இளைஞர் தேசிய சேவைக்குப் போனதும் 4 மணி நேரம், 1,200 வரி. இருவர் விதிப்படி 600தான். வாரந்தோறும் 300 வரி மிஞ்சுகிறது. 13 வாரத்தில் 3,900 வரி. திருத்தம் ஒன்றுக்குச் சராசரி 180 வரி என்றால், உங்கள் 22 திருத்தங்கள் ஏறக்குறைய அப்படியே வந்துவிடுகின்றன. யாரும் சோம்பேறித்தனம் செய்யவில்லை. விதி கேட்கும் நேரம் உங்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

பராமரிப்பாளர்களே அனுப்பிய அந்த 9 திருத்தங்களின் கதை வேறு. கிட்ஹப்பில் திருத்தத்தை அனுப்பியவரே அதற்கு ஒப்புதல் தர முடியாது. நீங்கள் அனுப்பினால் மிச்சம் இருப்பது அண்ணா ஒருவர். அண்ணா அனுப்பினால் நீங்கள் ஒருவர். இரண்டு ஒப்புதலுக்கு ஆளே இல்லை. ஆகவே விதியைத் தாண்டுவதைத் தவிர அண்ணாவுக்கு வழியில்லை. அவரை அந்த நிலைக்குத் தள்ளியது விதிதான் என்பதை முதலில் அவரிடமே சொல்லுங்கள். பேச்சு இலகுவாகிவிடும்.

என் ஆலோசனை: ஒப்புதல் ஒன்று போதும். ஆனால் அது எல்லாருக்கும் பொருந்த வேண்டும், நிர்வாகிக்கும். கிட்ஹப்பின் கிளைப் பாதுகாப்பு அமைப்பில் (முதன்மை நிரலில் எதை எப்போது சேர்க்கலாம் என்று விதி வைக்கும் இடம்) ஒப்புதல் எண்ணிக்கையை 1 ஆக்குங்கள். தானியங்கிச் சோதனை தேறாமல் மெர்ஜ் ஆகக்கூடாது என்பதையும், நிர்வாகிகளும் விதியைத் தாண்ட முடியாது என்பதையும் தேர்ந்தெடுங்கள். கடைசியாக நிரலைப் புஷ் செய்தவர் (கிட்ஹப்புக்கு ஏற்றியவர்) அல்லாத ஒருவர் ஒப்புதல் தர வேண்டும் என்ற தெரிவும் அங்கே உண்டு, அதையும் போடுங்கள். இல்லாவிட்டால் ஒப்புதல் வாங்கியபின் வேறு நிரலைச் சேர்த்து நுழைத்துவிட முடியும். புதுக் கமிட் (பதிவு செய்த மாற்றம்) வந்தாலே பழைய ஒப்புதல்கள் எல்லாம் ரத்தாகும் தெரிவை மட்டும் இப்போது விட்டுவிடலாம். ஒப்புதல் ஒன்றே போதும் என்னும்போது முந்திய தெரிவே அந்த வேலையைச் செய்துவிடும்.

எந்தக் கோப்புக்கு யார் பொறுப்பு என்று ‘கோட்ஓனர்ஸ்’ கோப்பில் எழுதலாம். அதில் பலர் தடுக்கி விழும் இடம் மூன்று. பொருந்தும் வரிகளில் கடைசி வரிதான் செல்லும், ஆகவே பொதுவிதியை மேலேயும் சிறப்புவிதியைக் கீழேயும் எழுதுங்கள். எழுதும் உரிமை இல்லாதவரின் பெயரைப் போட்டால் அது செல்லாது. பொறுப்பாளர் ஒருவர்தான் என்றால் அவர் அனுப்பும் திருத்தம் அவரிடமே மாட்டிக்கொள்ளும், குறைந்தது இருவர் வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பங்களிப்பாளர் ஒருவர் நான்கு ஆண்டுகளாகச் சொற்பட்டியல் திருத்தங்கள் அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்களே, அவரைப் பராமரிப்பாளராக அழைக்கத் தயங்குவது ஏன்? தொழில்முறை நிரலாளர் அல்லர் என்பது காரணமாகத் தெரியவில்லை. சொற்பட்டியலுக்கு உங்களைவிட அவர் நல்ல ரிவியூவர்.

கெரிட்டுக்கு மாறலாமா

கெரிட் நல்ல கருவி. ஆண்ட்ராய்டு, கோ மொழி, லிப்ரஆஃபிஸ், கியூட்டி போன்ற பெரிய திட்டங்கள் அதில் நடக்கின்றன. ஒவ்வொரு கமிட்டையும் தனியாகப் பார்க்கவும், திருத்தத்தின் மூன்றாம் வடிவத்துக்கும் ஐந்தாம் வடிவத்துக்கும் என்ன வேறுபாடு என்று பார்க்கவும் கிட்ஹப்பைவிட அதில் வசதி அதிகம். அலுவலகத்தில் அதில் பழகிய அண்ணா அதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் எப்போதாவது வருபவரின் இடத்திலிருந்து பாருங்கள். அவர் புதிதாக ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு கமிட் செய்தியிலும் சேஞ்ச்-ஐடி (திருத்தத்தின் அடையாளக் குறி) வரி விழும்படி ஒரு ஹூக்கை, அதாவது தானாக ஓடும் சிறு நிரலைத் தன் கணினியில் நிறுவ வேண்டும், மறந்தால் புஷ் நிராகரிக்கப்படும். வழக்கமான கிளைக்குப் புஷ் செய்யாமல், ரிவியூவுக்கென்று இருக்கும் தனி முகவரிக்குச் செய்ய வேண்டும். திருத்தம் கேட்டால் புதுக் கமிட் போடாமல் பழைய கமிட்டையே அமெண்ட் செய்ய (மாற்றி எழுத) வேண்டும். தினமும் செய்பவருக்கு இது ஒரு வாரத்தில் கைவந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு சொல் திருத்தம் அனுப்பும் தமிழாசிரியர் முதல் படியிலேயே திரும்பிப் போய்விடுவார். கோ மொழித் திட்டமே, கிட்ஹப்பில் வரும் புல் ரெக்வஸ்ட்களை (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகளை) கெரிட்டுக்கு எடுத்துச் செல்ல ஒரு பாட், அதாவது தானியங்கி நிரல் வைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய திட்டத்துக்கும் வாசலில் ஆள் வேண்டியிருக்கிறது.

சேவையகத்தை யார் பார்த்துக்கொள்வது என்பது அடுத்தது. வாடகைச் சேவையகம், ஜாவா பதிப்பு உயர்த்தல், பாதுகாப்புத் திருத்தம், காப்பு நகல் எல்லாமே அதே 4 மணி நேரத்திலிருந்துதான் போகும். கருவியும் நிலையானதல்ல. பேப்ரிகேட்டர் என்ற ரிவியூ கருவியை வளர்த்த நிறுவனம் 2021இல் அதை நிறுத்திக்கொண்டது, அதில் பல ஆண்டுகள் இருந்த எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டம் 2023இல் கிட்ஹப் புல் ரெக்வஸ்ட்டுக்கு மாறியது. இருக்கிற இடத்திலேயே இருங்கள். கெரிட்டின் நல்ல பழக்கம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு திருத்தம், ஒரு நோக்கம். நிரலை அழகுபடுத்துவதும் பிழை திருத்துவதும் ஒரே புல் ரெக்வஸ்ட்டில் வரக்கூடாது. ரிவியூ தொடங்கியபின் ஃபோர்ஸ் புஷ் செய்ய (பழைய கமிட்களின்மேல் மாற்றி எழுத) வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள், பழைய கருத்துகள் எந்த வரிக்கு எழுதப்பட்டவை என்று தெரியாமல் போய்விடும். புதுக் கமிட்களாகச் சேர்க்கட்டும், மெர்ஜ் செய்யும்போது ஸ்குவாஷ் செய்து ஒரே கமிட்டாக்கிக்கொள்ளலாம்.

இடைவெளி, மேற்கோள் குறி, வரிநீளம் பற்றிய சர்ச்சை எல்லாவற்றையும் ஒரு ஃபார்மட்டரிடம் (நிரலின் தோற்றத்தைத் தானாக ஒழுங்குபடுத்தும் கருவி) விட்டுவிடுங்கள். முதல்முறை எல்லாக் கோப்புகளையும் மாற்றும் அந்தப் பெரிய கமிட்டின் எண்ணைக் கிட் பிளேம் (எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்று காட்டும் கட்டளை) புறக்கணிக்க வேண்டிய பட்டியலில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு ஆண்டு வரலாற்றில் ஒவ்வொரு வரியும் அன்று எழுதப்பட்டதாகவே காட்டும்.

தானியங்கிச் சோதனையை அமைக்கும்போது ஒரு பெரிய ஆபத்து உண்டு. ஃபோர்க்கிலிருந்து (பங்களிப்பாளர் எடுத்துக்கொண்ட தனி நகலிலிருந்து) வரும் திருத்தத்துக்கு, சாதாரண ‘புல் ரெக்வஸ்ட்’ நிகழ்வில் ஓடும் சோதனைக்கு உங்கள் ரகசியச் சாவிகள் கிடைக்காது. அதனால் ஏதாவது வேலை செய்யாமல் போகும்போது, இணையத்தில் தேடி ‘புல் ரெக்வஸ்ட் டார்கெட்’ நிகழ்வுக்கு மாற்றிவிடுகிறார்கள். அது உங்கள் களஞ்சியத்தின் உரிமையோடு, சாவிகளோடு ஓடும். அங்கே அந்நியர் அனுப்பிய நிரலை இறக்கி இயக்கினால் வீட்டுச் சாவியையே கொடுத்ததுபோல் ஆகிவிடும். அதைத் தொடாதீர்கள்.

அண்ணாவின் வருத்தம்

“நம்பிக்கை இல்லையா” என்று கேட்பவருக்கு எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் 2024 மார்ச்சில் வெளிப்பட்ட விவகாரத்தைச் சொல்லலாம். களைத்துப்போயிருந்த ஒரே பராமரிப்பாளரை, பல கணக்குகளிலிருந்து நெருக்கி, உதவிக்கு வந்தவர்போல் ஒருவர் நுழைந்து, ஆண்டுக்கணக்கில் நல்ல திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் பின்வாசல் வைத்தார். எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளரால்தான் அது பிடிபட்டது. அனுப்பியவரைத் தவிர இன்னொருவரும் பார்க்கும் விதி அண்ணாவைச் சந்தேகிப்பதற்காக அல்ல. அவருடைய கணக்கு திருடுபோனாலும், அவரை யாராவது நெருக்கினாலும், திட்டமும் அவர் பெயரும் தப்பிப்பதற்காக.

அந்தப் பின்வாசல் சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் வந்த பைனரிக்குள்ளும் (மனிதர் படிக்க முடியாத கோப்பு), வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்த ஒரு ஸ்கிரிப்ட்டிலும் ஒளிந்திருந்தது. ரிவியூ பக்கத்தில் படிக்கக்கூடிய நிரலில் அது இல்லை. ஆகவே வெளியீட்டுத் தொகுப்பை அண்ணாவின் மடிக்கணினியில் உருவாக்குவதை நிறுத்தி, பதிப்பு எண் குறியிடப்பட்ட கமிட்டிலிருந்து தானியங்கியாக உருவாகும்படி செய்யுங்கள். பைனரி கோப்பு ஏதாவது சேர்க்கப்பட்டால், அது எப்படி உருவானது என்ற குறிப்பு இல்லாமல் ஏற்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு ரிவியூ

வைத்துப் பார்க்கலாம், ஒப்புதலாகக் கணக்கிடக்கூடாது. வெற்று மதிப்பைச் சோதிக்காதது, மூடாமல் விட்ட கோப்பு போன்றவற்றை நன்றாகவே பிடிக்கும். தமிழ்ப் புணர்ச்சி விதி சரியா என்று கேட்டால் தவறையும் உறுதியாகச் சொல்லும். புதியவரின் திருத்தத்தில் அது தானாகக் கருத்து எழுத வேண்டாம். பராமரிப்பாளர் கேட்டால் மட்டும் ஓடட்டும்.

நிறுவனத்தின் உரிமை

இதில் நீங்கள் கொஞ்சம் அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிட்டீர்கள். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. பணியின் பகுதியாக ஊழியர் உருவாக்கியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர். ஞாயிறு, வீடு, சொந்தக் கணினி மூன்றும் உங்களுக்குச் சாதகமானவை. ஆனால் அவை மட்டுமே தீர்மானிப்பதில்லை. உங்கள் வேலையின் தன்மை என்ன, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் பார்க்கப்படும். பணிக்காலத்தில் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்கு என்று எழுதும் ஒப்பந்தங்கள் உண்டு. வெளிவேலைக்கு முன் அனுமதி கேட்கும் விதியும் வங்கிகளில் வழக்கம்.

மெர்ஜ் செய்வது மட்டும்தானே, நான் எழுதுவது குறைவு என்கிறீர்கள். ரிவியூவில் ‘இப்படி மாற்றலாம்’ என்று நீங்கள் எழுதும் வரியைப் பங்களிப்பாளர் ஒரு சொடுக்கில் ஏற்றுக்கொண்டால், கிட்ஹப் உங்களை இணை ஆசிரியராகப் பதிவு செய்யும். ரிவியூவும் எழுத்துதான்.

மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். திட்டத்தின் பெயர், உரிமம், முகவரி, வாரத்தில் செலவிடும் நேரம், வருமானம் இல்லை என்பது, நிறுவனத்தின் கருவியோ நிரலோ தகவலோ பயன்படவில்லை என்பது ஆகியவற்றைக் குறிப்பிட்டு, எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். பதில் வரும்வரை அலுவலக மடிக்கணினியில் கிட்ஹப் அறிவிப்பைக்கூடத் திறக்க வேண்டாம். அலுவலக ரிவியூ சரிபார்ப்புப் பட்டியலை இங்கே ஒட்டவும் வேண்டாம். மறுப்பு வந்தாலோ ஒப்பந்த வாசகம் குழப்பினாலோ, வேலைவாய்ப்புச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். மற்றப் பங்களிப்பாளர்களிடம், லினக்ஸ் கெர்னல் 2004 முதல் செய்வதுபோல், ‘இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு’ என்ற சைன்ட்-ஆஃப்-பை வரியைக் கேட்பது போதும்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

22 திருத்தங்களையும் ஒரே மாலையில், ஒப்புதல் கொடுக்காமல், வகை மட்டும் பிரியுங்கள். 50 வரிக்குக் குறைந்தவற்றை முதலில் முடியுங்கள். 400ஐத் தாண்டியவற்றைப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு மாதமாக அசையாதவற்றின் ஆசிரியருக்கு இரண்டு வாரம் தவணை கொடுத்து எழுதுங்கள். பதில் இல்லாவிட்டால், பயனுள்ளதை அவர் பெயரை இணை ஆசிரியராக வைத்து நீங்களே முடியுங்கள், மற்றதை நன்றி சொல்லி மூடுங்கள். புதுத் திருத்தத்துக்கு ஒரு வாரத்துக்குள் முதல் பதில் என்று பங்களிப்பு வழிகாட்டியில் எழுதிவையுங்கள். எம்ஆர்டி ரயிலில் வரும்போது கைப்பேசியில் ஒப்புதல் பொத்தானை அழுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் ‘பார்த்தேன், ஞாயிறு விரிவாக எழுதுகிறேன்’ என்ற பதிலை எழுதலாம். காத்திருப்பவருக்கு அதுவே பெரிய ஆறுதல்.

அந்த மாணவர் பெற்ற 31 கருத்துகளையும் நீங்கள் அனுப்பிய நகலில் படித்தேன். 24 வெறும் இடைவெளி, மேற்கோள் குறி பற்றியவை. இனி ஃபார்மட்டர் பார்த்துக்கொள்ளும். ஐந்து, விருப்பம் சார்ந்தவை. திருத்தியே ஆக வேண்டியவை இரண்டுதான், அவை கூட்டத்தில் காணாமல் போய்விட்டன. இனி ஒவ்வொரு கருத்தையும் ‘கட்டாயம்’, ‘விருப்பம்’, ‘கேள்வி’ என்ற சொல் ஒன்றோடு தொடங்குங்கள். “இது ஏன் இப்படி?” என்று எழுதுவதற்குப் பதில், “கட்டாயம்: வெற்றுச் சொல் வந்தால் இந்த வரி நின்றுவிடும். நீளம் பூஜ்யமா என்று முதலில் பார்த்துவிடலாம்” என்று எழுதினால், படிப்பவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியும்.

அவருக்கு இன்றே எழுதுங்கள். 29 கருத்துகளையும் நாங்களே மூடிவிட்டோம், மிச்சம் இரண்டுதான், அவை இந்த இந்த வரிகளில் இருக்கின்றன, நேரம் இல்லாவிட்டால் நாங்கள் முடித்து உங்கள் பெயரிலேயே சேர்க்கிறோம் என்று. தம்பி என்றே அழைத்து எழுதுங்கள். பாலிடெக்னிக் முடிந்தால் அவருக்கும் தேசிய சேவை காத்திருக்கும். அதற்குமுன் அவருடைய திருத்தம் ஒரு பதிப்பில் வெளிவந்துவிட வேண்டும்.